ஹார்டு டிஸ்க் பழுதானால்: வாங்குவதற்கு முன் காப்பாற்றுங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் ராம் போனால் வேறு ராம் போட்டுக்கொள்ளலாம். பவர் சப்ளை எரிந்தால் அன்று மாலையே கடையில் வாங்கி மாட்டிவிடலாம். மானிட்டர் உடைந்தால் கொஞ்சம் வருத்தப்படுவோம், பிறகு வேறொன்று வாங்குவோம். ஹார்டு டிஸ்க் மட்டும் அப்படியல்ல. அதையும் கடையில் வாங்கலாம்தான். ஆனால் அதற்குள் இருந்த மகளின் நிக்காஹ் படங்கள், மௌத்தாகிவிட்ட பெரியவரின் குரல் பதிவு, பிள்ளையின் கல்லூரி ப்ராஜெக்ட், சபரில் இருக்கும் வாப்பாவின் பாஸ்போர்ட், விசா நகல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் ஆகியவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

டிஸ்க் பழுதானதும் நம்மில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உண்மையிலேயே பழுதானது டிஸ்க்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாகிவிட்டதா என்பது இரண்டாவது. இந்த வரிசை மாறிப்போவதால்தான் பல வீடுகளில் பத்து வருடப் படங்கள் ஒரே நாளில் காணாமல் போகின்றன.

பழுது எங்கே?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே வழுவழுப்பான வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. 7200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. தட்டில் எழுதுவதும் படிப்பதும் ஒரு சிறிய முனை. அது தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசை தட்டுப்பட்டாலோ, லேப்டாப் கை தவறி விழுந்தாலோ அந்த முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த தகவல் போய்விடும். அங்கிருந்து கிளம்பும் துகள்கள் மற்ற இடங்களையும் கீறும்.

அடி எதுவும் படாமல் வயதாகியும் கெடும். அதன் அடையாளங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான். கம்ப்யூட்டர் திடீரென்று ஆமை வேகத்தில் போகும். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் திரை உறைந்து நிற்கும். நேற்றுவரை திறந்த படம் இன்று பாதி சாம்பல் நிறமாக வரும். கடைசியாக, பெட்டிக்குள்ளிருந்து "டக்... டக்... டக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கும். முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்றுப்போகிற சத்தம் அது.

"பூட் டிவைஸ் இல்லை" என்று திரையில் வந்ததுமே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். செருகிய பென் டிரைவை எடுக்க மறந்திருந்தாலும் சில கம்ப்யூட்டர்களில் இதே செய்திதான் வரும். மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும்; அதோடு பயாஸ் அமைப்புகளும் மாறி, நல்ல டிஸ்க்கையே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் இருக்கக்கூடும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதற்கும், வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதற்கும் அதிகச் செலவில்லை.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். எல்லா டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைத்தான் இந்த மென்பொருள் படித்துக் காட்டுகிறது. நீலம் வந்தால் நலம், மஞ்சள் வந்தால் எச்சரிக்கை, சிவப்பு வந்தால் அபாயம். எண்களில் மூன்றைக் கவனித்தால் போதும். 05 என்ற வரி, கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக மாற்று இடம் கொடுக்கப்பட்ட கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் கணக்கு. இந்த இரண்டில் ஒன்று பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு விடை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. சி7 என்ற வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் கேபிளுடையது. நீலம் காட்டுகிறதே என்று முழுதாக நம்பியும் இருந்துவிட வேண்டாம்; எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நாளில் நின்றுபோகிற டிஸ்க்குகளும் உண்டு.

உள்ளே இருப்பதை வெளியே எடுத்தல்

டிஸ்க் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்தபின் செய்யக்கூடாதவை சில உண்டு. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். "டிஸ்க் செக்" ஓட விடாதீர்கள், டிஃப்ராக் செய்யாதீர்கள். இவை எல்லாம் மூச்சுத் திணறும் நோயாளியை ஓடச் சொல்வது போன்றவை. டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயுளை, உங்கள் கோப்புகளைப் பிரதி எடுப்பதற்கு மட்டும் செலவிடுங்கள்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் அல்லது பெரிய பென் டிரைவைச் செருகி, ஈடு செய்ய முடியாதவற்றை முதலில் எடுங்கள். படங்கள், குரல் பதிவுகள், ஆவணங்கள் முதலில். சினிமாவும் விளையாட்டும் கடைசியில், முடியாவிட்டால் போகட்டும். மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடாமல், ஃபோல்டர் ஃபோல்டராக எடுப்பது நல்லது. ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இலவசமாக இறக்கி, ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழுதான கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து துவக்கினால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே திரை வரும். அங்கிருந்து பழைய டிஸ்க்கைத் திறந்து கோப்புகளை எடுக்கலாம். திரையில் "இன்ஸ்டால்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, "ட்ரை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி, சிக்கும் இடங்களைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் பிரதி எடுக்கும் என்பதைச் சொல்லி வையுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யு.எஸ்.பி.யாக்கும் அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல வழியே. லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மாட்டியதும் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்கக்கூடும். கேன்சல் அழுத்துங்கள். இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் சம்மதம் சொன்னதால் அழிந்த குடும்பப் படங்கள் ஏராளம். புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம்; அப்படியானால் டிஸ்க்கை வெளியே எடுத்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். வழக்கமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பழுது வருவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்க் "டக் டக்" என்று அடிக்கிறதென்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் முனை தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள்; வீட்டுக் காற்றின் ஒரு தூசுத் துகள் அந்த முனைக்கு ஒரு பாறாங்கல். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், உள்ளே ஈரம் படியும் என்று பதில் சொல்லுங்கள். இந்த நிலைக்கு வந்த டிஸ்க்கைத் தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிலையங்கள்தான் திறக்க முடியும். டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், உத்தரவாதமும் கிடையாது. உள்ளே இருப்பது அவ்வளவு பெறுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது இது. இன்றே முடிவெடுக்க வேண்டும் என்றும் இல்லை. அணைத்து வைத்த டிஸ்க், காய்ந்த இடத்தில் பத்திரமாகக் காத்திருக்கும்.

கடைக்குக் கொண்டுபோவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சர்வீஸ் கடையில் மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரைக் கொடுத்தால், முதலில் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போடுவது பல இடங்களில் வழக்கம். "உள்ளே இருப்பது முக்கியம், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள டிஸ்க்கை இரண்டு நாள் கடையில் விட்டு வரத் தயக்கமாக இருந்தால் அந்தத் தயக்கம் நியாயமானது. வாங்கும் கடைக்காரருக்கு அது அமானிதம். எல்லோரும் அப்படி நினைத்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கவும் முடியாது. இந்தப் பாடத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். டிஸ்க்கை மாற்றுவது ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தால் உம்மாவும் மகளும் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

எதை வாங்குவது?

விண்டோஸ் ஓடும் டிஸ்க்காக இன்று சுற்றும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்கை வாங்கவே வேண்டாம். எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். அதில் சுற்றும் பாகமே இல்லை. பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் எஸ்.எஸ்.டி. போட்டால், "புதிதாக வாங்கினீர்களா?" என்று கேட்கும் அளவுக்கு மாறிவிடும். புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் குடும்பம், முதலில் இந்தச் சிறிய செலவைச் செய்து பார்க்கலாம்.

எஸ்.எஸ்.டி.யில் இரண்டு வடிவங்கள். 2.5 அங்குல சாட்டா வகை, பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கேபிளில் மாட்டிக்கொள்ளும். விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும். எம்.2 என்பது சூயிங்கம் பட்டை போல் மெல்லியது, மதர்போர்டிலேயே செருகுவது. எம்.2 வடிவத்திலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு இனம் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். உங்கள் மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய டிஸ்க்கையே கையில் எடுத்துப் போய், "இது போன இடத்தில் உட்காருகிற எஸ்.எஸ்.டி." என்று கேளுங்கள். என்.வி.எம்.இ. பல மடங்கு வேகம்தான். ஆனால் கணக்கு எழுதுவதற்கும் பாடம் பார்ப்பதற்கும் சாட்டாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம்.

அளவு எவ்வளவு? விண்டோஸும் அன்றாட வேலையும் மட்டும் என்றால் 250 ஜி.பி.யில் ஓட்டிவிடலாம், 500 ஜி.பி. இருந்தால் நெருக்கடி இல்லை. 500 ஜி.பி. என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 465 என்றும், 1 டி.பி. என்று வாங்கியது 931 என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில் டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் இருக்கும். மொத்தம் எத்தனை டி.பி. எழுதும்வரை நிறுவனம் பொறுப்பேற்கிறது என்பது அதன் பொருள். உதாரணமாக சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி.க்கு அது 300. வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜி.பி. எழுதினாலும், அது தாராளமான கணக்கு, வருடத்துக்கு 7.3 டி.பி.தான் ஆகிறது. 300ஐத் தொட நாற்பது வருடம் வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரே அருங்காட்சியகத்துக்குப் போய்விடும்.

படங்களையும் வீடியோக்களையும் குவித்து வைக்க மட்டும் இன்றும் சுற்றும் டிஸ்க் லாபமே; ஒரு டி.பி.க்கான விலை குறைவு. அதைச் செய்வது இன்று உலகத்தில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்று நிறுவனங்கள்தான். மூன்றிலும் நல்ல டிஸ்க்கும் உண்டு, முதல் மாதமே போகிற டிஸ்க்கும் உண்டு; "எங்கள் வீட்டில் இந்தக் கம்பெனி போய்விட்டது, இனி வாங்கவே மாட்டோம்" என்பதில் பெரிய அர்த்தமில்லை. வாரண்டி எத்தனை வருடம், உள்ளூரில் மாற்றித் தருவார்களா என்று பாருங்கள். (விலை திடீரென்று ஏறுவதும் உண்டு. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகமெங்கும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது.)

பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி., நம்ப முடியாத விலையில் 2 டி.பி. என்று விற்கும் பென் டிரைவ் இவற்றின் பக்கம் போகாதீர்கள். உள்ளே 32 ஜி.பி. வைத்துவிட்டு 2 டி.பி. என்று காட்டும்படி செய்த போலிகள் இருக்கின்றன. முதல் சில படங்கள் நன்றாக ஏறும், மிச்சமெல்லாம் வெற்று. புதிது என்று வாங்கிய டிஸ்க்கைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். "பவர் ஆன் ஹவர்ஸ்" என்ற இடத்தில் 20,000 மணி நேரம் என்றிருந்தால், அது இரண்டு வருடத்துக்கு மேல் வேறெங்கோ ராப்பகலாக உழைத்துவிட்டு வந்த டிஸ்க். ரசீதோடு திருப்பிக் கொடுங்கள்.

மாற்றும் முறை

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் போய்விடும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அங்கே இறங்கிவிடும். டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள் வருகின்றன. அகலமானது மின்சாரம், சிறியது தகவல். இரண்டின் வாயும் "எல்" வடிவில் இருப்பதால் தலைகீழாகப் போகாது. போகவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யை டெஸ்க்டாப்பின் பெரிய இடத்தில் பொருத்த ஒரு சிறிய பிராக்கெட் கிடைக்கும். லேப்டாப்பில் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள் அல்லது அதன் கனெக்டரைப் பிரியுங்கள். எந்த ஸ்குரு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு, அங்கேயே செலோடேப்பால் ஒட்டிவைத்தால் கடைசியில் இரண்டு ஸ்குரு மிஞ்சாது.

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, வேகத்துக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் அப்படியே குளோன் எடுக்கலாம். பழுதான டிஸ்க்கைக் குளோன் எடுத்தால் அதன் கோளாறான கோப்புகளும் கூடவே வரும். ஆகவே புதிதாக விண்டோஸ் போடுவதே சுத்தம். 8 ஜி.பி. பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் கருவியால் இன்ஸ்டாலரை ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11இல் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது. டிஸ்க்கை மாற்றியதற்காக மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. இன்ஸ்டால் செய்யும்போது, காப்பாற்றி எடுத்த கோப்புகள் உள்ள எக்ஸ்டர்னல் டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகியிருக்கக் கூடாது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் கை தவறினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் மிகப் பழையது, 11ஐ ஏற்காது என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுங்கள். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் ஒரு வாரம் ஆகும்.

இரண்டாவது டிஸ்க்காக மாட்டிய புதுசு "திஸ் பிசி"யில் தெரியவில்லை என்று பதறாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் அதைத் துவக்கி, ஃபார்மட் செய்தால் தெரியும். 2 டி.பி.க்கு மேல் என்றால் ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தெடுங்கள்.

காப்பாற்றிய கோப்புகளைப் புது டிஸ்க்கில் போட்டதும், எக்ஸ்டர்னலில் உள்ள பிரதியை அழித்துவிடாதீர்கள். அதுவே உங்கள் முதல் பேக்கப். மாதம் ஒருமுறை செருகி, புதியவற்றைச் சேர்த்துவிட்டு, கழற்றி அலமாரியில் வையுங்கள்; எப்போதும் செருகியே இருந்தால் ஒரு வைரஸ் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்.எஸ்.டி.யை விட ஹார்டு டிஸ்க் ஏற்றது. இன்னொரு பிரதி வேறு வீட்டில், மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபார்மட் செய்துவிட்டோம் என்பது பாதுகாப்பல்ல. விரைவு ஃபார்மட், அட்டவணையை மட்டுமே அழிக்கிறது, படங்கள் தட்டில் அப்படியே இருக்கின்றன. ஓடுகிற டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை பூஜ்யங்களால் எழுதி நிரப்பும் மென்பொருளை ஓட விடுங்கள்; சில மணி நேரம் ஆகும். ஓடாத டிஸ்க் என்றால், ரெக்கவரிக்கு அனுப்பப் போவதில்லை என்று முடிவான பிறகு, டிரில்லிங் மிஷினால் தட்டுகளின் ஊடாக மூன்று நான்கு துளைகள் போட்டுவிட்டு மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. துளை போடும்போது பொடிப்பொடியாகச் சிதறும். ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.